வெதுவெதுப்பு

ஊரில் மற்றவர்களுக்குச் சோறு கெட்டுப்போனால் துக்கம். எனக்குத் தவிடு கெட்டுப்போகாவிட்டால் துக்கம். பூஞ்சணம் வளர்ப்பதுதான் எனக்கு உத்தியோகம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக் காம்பராவிலிருந்து, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்கும் விடிகாலையிலேயே புறப்படுவேன். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி, மகாவலிக் கரையில் இருந்த ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். எதிரே கொழுந்துக் கூடையோடு ஏறி வருகிறவர்கள், "என்னாண்ணே, இன்னைக்கி எத்தன தட்டு ஊசிப்போச்சு?" என்று கேட்காமல் தாண்டமாட்டார்கள். "நாலு தட்டு. நல்லா ஊசிப்போயிருக்கு" என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்த கதை இது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு கண்டியில் இரண்டு வருஷம் இங்கிலீஷும் படித்திருந்ததால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஆய்வுகூடத்துத் துரைக்கு ஒரு யோசனை. நெல் ஆலைத் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, தும்பறைப் பக்கத்துக் கொக்கோத் தோடு, தேயிலைத் தொழிற்சாலையில் கூட்டித் தள்ளும் பஞ்சுத் தூள் என்று இந்த மலைநாட்டில் வீணாகப் போவதில் எல்லாம் பூஞ்சணத்தை வளர்த்து, அந்தப் பூஞ்சணம் சுரக்கும் சத்தைப் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்து மாவைக் கரைத்துச் சர்க்கரையாக்கிவிடும். சோறு செரிக்காதவர்களுக்கு அதையே பொடியாக்கிப் புட்டியில் அடைத்துச் சீமையிலிருந்து கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். துரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சீமைப் பொடியில் ஒரு சிட்டிகையைப் பச்சைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். நான்தான் தம்ளரைக் கழுவி வைப்பேன். பச்சைத் தண்ணீர் என்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

தவிட்டை ஆவியில் அவித்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, பூஞ்சண வித்தைத் தூவித் தட்டில் பரப்புவோம். தட்டுகளை ஓர் அலுமாரிக்குள் வைத்து ஈரச்சாக்கால் மூடிவிடுவோம். இரண்டாம் நாள் தவிடு முழுக்க வெள்ளை நூலோடிக் கட்டியாகிவிடும். அந்த வெள்ளையில் எடுத்துவிட வேண்டும். பச்சை தட்டினால் பூத்துப்போச்சு என்று அர்த்தம், சத்து இறங்கிவிடும். கட்டியை உடைத்துத் தண்ணீரில் ஊறவைத்துத் துணியில் வடித்து, வடித்த நீரில் சாராயத்தை ஊற்றினால் சத்து வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கும். அதைக் காயவைத்தால் பொடி. எல்லாவற்றிலும் தவிடுதான் கெட்டிக்காரன். தேயிலைத் தூளில் பூஞ்சணம் ஆசையாக வளரும், ஆனால் அதிலிருந்து எடுத்த பொடி ஒரு வேலையும் செய்யாது. தேயிலையின் துவர்ப்பு அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது என்றார் துரை. தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இந்தச் சாராயத்தால் வீட்டில் எனக்குக் கெட்ட பெயர். முதல் மாதம் முழுக்க என் மனைவி வாசற்படியிலேயே என்னை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டாள். "தவிட்டுக்கு ஊத்துனேன்" என்றால் யார் நம்புவார்கள்? கடைசியில் மகள்தான் என்னைக் காப்பாற்றினாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. என் கையைப் பிடித்து முகர்ந்துவிட்டு, "கைதான் குடிச்சிருக்கு, அப்பா குடிக்கல" என்று தீர்ப்புச் சொன்னாள். லயமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

பொடிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் கஞ்சியாக்கி, ஆறிய பிறகு அதில் பொடியைப் போட வேண்டும். அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு சொட்டு எடுத்து அயடினில் விட வேண்டும். முதலில் நல்ல நீலமாக இருக்கும். பொடி மாவைத் தின்னத் தின்ன ஊதாவாகி, சிவப்பாகி, கடைசியில் நிறமே இல்லாமல் போகும். "நீலம் போச்சா?" என்று துரை அடுத்த அறையிலிருந்து கேட்பார். போனதும் நேரத்தைக் குறிப்பேன்.

பிறகு சூட்டுப் பரீட்சை வந்தது. எந்தச் சூட்டில் பொடி நன்றாக வேலை செய்கிறது, எந்தச் சூட்டில் சாகிறது என்று இரண்டு மாதம் பார்த்தோம். அந்த அட்டவணை முழுவதும் என் கையெழுத்து. உடம்புச் சூட்டில் நல்ல சுறுசுறுப்பு. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் வேகம். அதற்கு மேல் தடுமாறும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு நொடி காட்டினால் போதும், பிறகு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் நீலம் நீலமாகவே நிற்கும். அந்தக் கட்டத்தில் துரை இங்கிலீஷில் ஏதோ எழுதச் சொன்னார். என் சொந்தக் குறிப்புப் புத்தகத்தில் நான் பென்சிலால் 'செத்தது' என்று எழுதினேன். வரிசையாக ஏழெட்டுத் தடவை எழுதியிருந்தேன். எழுதும்போது ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

துரையின் பாஷையில் 'வாம்' என்று ஒரு சொல், 'ஹாட்' என்று ஒரு சொல். அலுமாரி வாமாக இருக்க வேண்டும், புறங்கையை வைத்தால் இதமாகத் தெரிய வேண்டும். ஹாட்டானால் எல்லாம் பாழ். ஆய்வுகூடத்தில் இந்த இரண்டையும் நான் ஒரு நாளும் குழப்பிக்கொண்டதில்லை.

மகளுக்கு நாலு வயது முடிந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, ஆனால் வயிறு விடவில்லை. சாப்பிட்ட சோறு சாப்பிட்டபடியே வெளியே போயிற்று. கை கால் குச்சியாகி வயிறு மட்டும் பெருத்தது. தோட்டத்து மருந்து ஒன்றும் எடுபடாமல், கண்டியில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். குழந்தைக்கு மாப்பொருள் செரிக்கவில்லை, அதைக் கரைக்கிற பொடி கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிச் சீட்டில் எழுதினார். நான் அந்தப் பெயரைப் படித்தேன். துரை குடிக்கும் அதே பொடி. டவுனில் மருந்துக்கடை கடையாக ஏறி இறங்கினோம். எங்கும் இல்லை, அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். துரையின் புட்டியும் அப்போது காலியாகியிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறும்போது மனைவி அழுதாள். நான் அழவில்லை. எனக்குள்ளே ஒரு கர்வம் கிளம்பியிருந்தது. கப்பல் எதற்கு, அதைத்தானே நான் தட்டில் வளர்க்கிறேன்!

மறுநாள் துரையிடம் கேட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. இது மனிதர் சாப்பிடுவதற்குச் செய்தது இல்லை என்றார். நான் போகாமல் நின்றேன். கடைசியில் ஒரு தட்டுத் தவிட்டை என்னோடு சேர்ந்து தானே சுத்தமாகச் செய்தார். பொடியை மறுபடியும் கரைத்து வடித்து, இரண்டு நாள் தன் சாப்பாட்டுக்குப் பிறகு தானே குடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார். வேளைக்கு ஒரு சிட்டிகை, வாமான கஞ்சியில் கலந்து கொடு என்றார். "வாம்" என்று மறுபடியும் சொன்னார். நான் இரண்டு தடவையும் தலையாட்டினேன். மாவு எனக்குத் தெரியும், பொடி எனக்குத் தெரியும், அட்டவணை என் கையெழுத்து. எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்றிருந்தது.

மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றபடியே மனைவியிடம் புட்டியைக் கொடுத்தேன். தப்புச் சத்தம் கேட்டுவிட்டது, எனக்கு அவசரம். பூஞ்சணம் என்று சொன்னால் குழந்தைக்குக் கொடுக்கமாட்டாள் என்பதால், "தவிட்டுப் பொடி, தொர குடுத்தாரு" என்று மட்டும் சொன்னேன்.

"எப்புடிக் குடுக்கணும்?"

"வேளைக்கி ஒரு சிட்டிக. கஞ்சி சூடா இருக்கையில கலந்து குடு."

"நல்ல சூடாவா?"

"ஆமா, சூடாத்தான். ஆறவிட்டுறாத."

இவ்வளவுதான் நான் சொன்னது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இந்த நாலு வார்த்தையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு நோயாளியின் கஞ்சி என்றால் அடுப்பிலிருந்து நேரே வர வேண்டும். ஆறின கஞ்சி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்கு, நோயில் கிடக்கிறவர்களுக்கு அதைக் கொடுப்பது அலட்சியம். அந்த வழக்கம் என் வாயிலும் ஊறியிருந்தது. ஆய்வுகூடத்துக் கதவைத் தாண்டி வந்தால் எனக்கும் எல்லாம் ஒரே சூடுதான். 'வாம்' என்பதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. வெதுவெதுப்பு என்று நல்ல சொல் இருக்கிறது. மகளைக் குளிப்பாட்டும் தண்ணீரில் மனைவி முழங்கையை விட்டுப் பார்த்து, "வெதுவெதுன்னு இருக்கு, வா" என்று தினமும் கூப்பிடுவாள். காதில் விழுந்துகொண்டே இருந்த சொல் அது. அன்று வாயில் வரவில்லை.

பதினேழு நாள் கொடுத்தாள். நான் சாயங்காலம் திரும்பி வந்ததும் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். இறங்கியிருக்கிறது என்று தோன்றும். ஒரு நாள் மகள் என் கையை முகர்ந்து, "இன்னைக்கும் கை குடிச்சிருக்கு" என்று சொன்னாள். அன்று நிச்சயமாகப் பிழைத்துக்கொண்டாள் என்று நம்பினேன். துரையிடமும் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி கோயிலுக்குப் போய் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்த நாள், காலை வெயில் வாசலுக்கு வந்த நேரத்தில் குழந்தை என் மடியிலேயே போய்விட்டாள். மலைக்கு மேலே மரங்களுக்குக் கீழே புதைத்தோம். குழந்தை என்பதால் சடங்கும் அதிகம் இல்லை. சீக்கிரமே எல்லாம் முடிந்துவிட்டது. அப்படிச் சீக்கிரம் முடிந்ததில்கூட எனக்குக் கோபம் வந்தது.

நாலைந்து நாள் கழித்து மனைவி அந்தப் புட்டியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"மிச்சத்தத் தொரகிட்ட குடுத்துருங்க. மருந்துல குத்தமில்ல. நான்தான் பாவி."

"என்னா பேசுற?"

"ஒரு வேளகூட தவறாம குடுத்தேங்க. நீங்க சொன்ன மாதிரியே, கஞ்சி தளதளன்னு கொதிக்கையில அடுப்புலயே போட்டுக் கிண்டுனேன். அப்புறம் ஊதி ஊதி, வெதுவெதுன்னு ஆனதும்தான் புள்ள வாயில வச்சேன். அந்த வெள்ளிக்கெழம அந்திக்கி மட்டும் கோயிலுக்குப் போனதுல விட்டுப்போச்சு. ஒரே ஒரு வேள. அது விட்டதுலதான் எம்புள்ள போயிருச்சு."

எனக்கு அட்டவணை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஏழெட்டுத் தடவை 'செத்தது'. பதினேழு நாளும் என் குழந்தை குடித்தது செத்த பொடி. வெள்ளிக்கிழமை விட்ட வேளையில் அவள் இழந்தது ஒன்றுமே இல்லை. இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் தலையிலிருந்த பாரம் அந்த நிமிஷமே இறங்கி என் தலைக்கு வந்திருக்கும்.

நான் சொல்லவில்லை. "அழாத, நம்ம கையில என்னா இருக்கு" என்று சொன்னேன். எவ்வளவு பெரிய பொய்! எல்லாம் என் வாயில் இருந்தது.

மறுநாள் ஆய்வுகூடத்தில் அந்தப் புட்டிப் பொடியைச் சோதித்தேன். ஒரு கண்ணாடிக் குழாயில் ஆறின கஞ்சியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நீலம் போய்விட்டது. அருமையான பொடி, நாங்கள் செய்ததிலேயே நல்ல பொடி. இன்னொரு குழாயில் கஞ்சியைக் கொதிக்கவைத்து, மனைவி போட்ட மாதிரியே கொதிக்கும்போது போட்டுக் கிண்டினேன். நீலம் அசையவில்லை. மத்தியானம் வரைக்கும் பார்த்தேன், சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். "நீலம் போச்சா?" என்று துரை வழக்கம்போல அடுத்த அறையிலிருந்து கேட்டார். "இன்னும் இல்ல துரை" என்று சொல்லிவிட்டு இரண்டு குழாய்களையும் கழுவி வைத்தேன். குறிப்புப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அந்தப் பொடி ஒழுங்காகப் போயிருந்தாலும் குழந்தை பிழைத்திருக்குமா? பின்னாளில் அதே டாக்டரிடம், வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். அந்த நிலைக்கு வந்த குழந்தைகளைப் பொடி மட்டும் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. பிழைத்திருக்கமாட்டாள் என்று வைத்துக்கொண்டால், மனைவியிடம் சொல்லாமல் இருந்ததற்கு, சொன்னால் பிள்ளையைக் கொன்றவன் ஆகிவிடுவேன் என்று எனக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விடுகிறது.

அதிலிருந்து அவள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்றும் சாப்பிடுவதில்லை. விரதம் என்று லயத்தில் நினைத்தார்கள். விரதம் இல்லை என்று எனக்குத் தெரியும். குழந்தைக்குக் கொடுக்காமல் விட்ட வேளையை அவள் தனக்கும் விட்டாள். எனக்குத் தட்டில் போட்டு வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் ஒவ்வொரு வெள்ளியும் தனியாகச் சாப்பிட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வெள்ளியும் நினைப்பேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அந்த நினைப்பும் போய்விடும். எங்களுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

மூன்றாம் வருஷம் துரை சீமைக்குத் திரும்பிப்போனார். அவருக்குப் பிறகு வந்தவருக்குப் பூஞ்சணம் என்றாலே அருவருப்பு. செடியில் வந்தால் அழிக்க வேண்டிய சனியனை நாம் ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்டார். தட்டுகளில் நாற்று வளர்த்தார்கள். என்னை விதைப் பக்கம் மாற்றி, ஆற்றோரத்தில் ஒரு வீடும் கொடுத்தார்கள். மலையில் இருந்தால் மனைவி அந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நானும் சந்தோஷமாக இறங்கி வந்தேன். அந்தச் சந்தோஷத்துக்கும் பலன் கிடைத்தது. முப்பதுகளின் நடுவில் மழை பொய்த்து, ஆறு வற்றி, குட்டை குட்டையாகத் தேங்கி, கொசு பெருகி மலேரியா வந்தது. ஆற்றோரத்தில் வீட்டுக்கு வீடு நடுக்கம். மேலே ஹந்தானையில் இருந்திருந்தால் அவளுக்கு வந்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தாழ்வாரத்தில் பாய் போட்டிருந்தார்கள். அவளுக்கு இடம் கிடைத்தது ஒரு தூணோரத்தில். இரண்டு பக்கமும் தொட்டாற்போல ஆட்கள் படுத்திருந்தார்கள். வேளை தவறாமல் கொயினா மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் ஒருநாள் இறங்கும், மறுநாள் ஏறும். ஏதாவது உள்ளே போனால்தான் மருந்து தாங்கும், எப்படியாவது கஞ்சியைக் குடிக்க வையுங்கள் என்று டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோப்பையைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னைக்கி வேணாம். உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியும். எத்தனையோ வருஷமாகத் தெரியும். அவளுடைய கை சூம்பிப்போய், மகளின் கை மாதிரியே பாயில் கிடந்தது. அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில், மெல்லச் சொன்னேன்.

"அந்த வெள்ளிக்கெழமையால ஒண்ணும் ஆகல புள்ள. உன் மேல தப்பே இல்ல. கொதிக்கிற கஞ்சியில போட்டா அந்தப் பொடி செத்துப்போயிரும். சூடாப் போடுன்னு சொன்னவன் நான்தான். எல்லா நாளும் செத்த மருந்தத்தான் புள்ளைக்கிக் குடுத்தோம்."

சொல்லிவிட்டேன். அவள் கண்ணைச் சுருக்கி என் உதட்டையே பார்த்தாள்.

"என்னா சொல்றீங்க? கொயினா குடிச்சதுலேருந்து காது அடைச்சுக்கிட்டு ஒரே இரைச்சலா இருக்கு. சத்தமா சொல்லுங்க."

பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்த பெண் நின்றாள். என் மகளை நான் என்ன செய்தேன் என்பதை அந்தத் தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். ஒரு தடவை சொல்வதற்கே அத்தனை வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது தடவைக்கு என்னிடம் தைரியம் இல்லை.

"இன்னைக்கி வெள்ளி இல்ல, வியாழக்கெழமைன்னேன்!" என்று கத்தினேன்.

"அப்புடியா? காய்ச்சல்ல நாளு கெழமையே தெரியல" என்றாள். "அப்பன்னா குடுங்க."

நான் ஊதி ஊதி வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தேன். கோப்பை முழுவதையும் குடித்தாள். எனக்காகத்தான் குடித்தாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. நான் போய்ச் சேருவதற்கு முன்பே, மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. கடைசியில் பக்கத்தில் யார் இருந்தார்கள், ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். தண்ணீர் கொடுக்கும் பெண் இருந்திருக்கிறாள். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை என்றாள் அவள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அந்திக்குத் தனக்குக் கஞ்சி வேண்டாம், அவர் வந்து கொடுத்தாலும் வேண்டாம் என்று காலையிலேயே சொல்லி வைத்தாளாம்.